பெயோ

பெயோ என்னும் புனைபெயரால் அறியப்படும் பியேர் குலிஃபோர் (ஜூன் 25, 1928 - டிசம்பர் 24, 1992) பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த சித்திரக்கதை ஓவியரும் கதாசிரியரும் ஆவார். ஸ்மர்ஃப் எனப்படும் நீல நிறக் குள்ளர்களைப் படைத்தவர் இவரே. ஜோவானும் பிர்லுயியும், பெனுவா பிரிஸ்ஃபேர், பூசி என்னும் பூனை ஆகியவையும் இவருடைய படைப்புகள். பிரெஞ்சு மொழிச் சிறுவர் இதழ் ஒன்றின் பக்கங்களில் தோன்றிய இவரது குள்ளர்கள், 1980களில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்கள் வழியாக உலகெங்கும் அறியப்பட்டனர். அந்தப் புகழ் இவருக்குப் பெருஞ்செல்வத்தைத் தந்தது. ஆனால் மிகவும் விரும்பிய வேறு தொடர்களை வரைவதற்கான நேரத்தை இவரிடமிருந்து பறித்துக்கொண்டது.

பிறப்பும் இளமையும்

பெயோ, பிரசெல்ஸ் நகரின் ஒரு பகுதியான ஸ்கார்பேக்கில் பிறந்தார். இவரது தந்தை வழியினர் ஆங்கிலேயர். தாய் பெல்ஜியத்தைச் சேர்ந்தவர். குலிஃபோர் என்னும் குடும்பப் பெயர் ஆங்கிலப் பெயராக இருப்பதற்குக் காரணம் இதுவே. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பியேர் என்னும் பெயரைச் செல்லமாகப் பியரோ என்று அழைப்பது பிரெஞ்சுக்காரர் வழக்கம். அதைச் சரியாக ஒலிக்கத் தெரியாத ஆங்கிலேய உறவுக்காரப் பிள்ளை ஒருவர் பெயோ என்று அழைக்க, அதுவே பின்னாளில் இவரது கையெழுத்தாக நிலைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பெல்ஜியம் செருமனியின் பிடியில் இருந்தது. அக்காலத்தில் பெயோ திரையரங்கு ஒன்றில் படம் ஓட்டுபவராக வேலை பார்த்தார். கோட்டைகள், வாள்வீரர்கள், மந்திரவாதிகள் நிறைந்த இடைக்கால உலகின் மீது இவருக்கு இருந்த ஈடுபாடு வாழ்நாள் முழுவதும் குறையவில்லை. இவருடைய முதன்மையான தொடர்கள் இரண்டுமே அந்த உலகில்தான் நிகழ்கின்றன.

1945இல் சிபிஏ என்னும் சிறிய அசைபட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கு ஆன்ட்ரே ஃபிரான்கேன், மோரிஸ், எடி பாப் ஆகிய இளம் ஓவியர்களுடன் அறிமுகம் ஏற்பட்டது. இவர்களுள் மோரிஸ் லக்கி லூக் என்னும் கௌபாய் நாயகனைப் படைத்தவர். ஃபிரான்கேன் பிற்காலத்தில் பெல்ஜியத்தின் மிகச் சிறந்த சித்திரக்கதை ஓவியர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டவர். நிறுவனம் விரைவில் நொடித்துப்போனது. மற்ற மூவரும் டுப்புயி பதிப்பகத்தின் ஸ்பிரு வார இதழில் இடம்பெற்றனர். அனுபவமும் தேர்ச்சியும் போதாதவராகக் கருதப்பட்ட பெயோவுக்கு மட்டும் அங்கே இடம் கிடைக்கவில்லை.

ஓவிய வாழ்வின் தொடக்கம்

பிரசெல்ஸ் நுண்கலைக் கழகத்தில் பெயோ சிறிது காலம் பயின்றார். விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்துக்கொண்டே நாளிதழ்களுக்குச் சித்திரக்கதைகளை அனுப்பி வந்தார். அரசவைப் பணியாளனான ஜோவான் என்னும் சிறுவனின் கதை 1947இல் லா டெர்னியே ஊர் நாளிதழில் வெளிவந்தது. அப்போது ஜோவானுக்குப் பொன்னிறத் தலைமுடி. 1949 முதல் லெ சுவார் நாளிதழில் பூசி என்னும் பூனையின் சிறுசிறு நகைச்சுவைத் துணுக்குகளை வரைந்தார். பின்னர் ஜோவானும் அதே நாளிதழுக்கு இடம்பெயர்ந்தான்.

ஃபிரான்கேனின் பரிந்துரையால் 1952இல் ஸ்பிரு இதழின் கதவு பெயோவுக்குத் திறந்தது. ஜோவான் கருநிற முடியுடன் அவ்விதழில் மறுபிறவி எடுத்தான். இதழின் மற்ற ஓவியர்களோடு ஒப்பிடுகையில் பெயோவின் கை மெதுவானது. அந்தக் குறையை இவர் நன்கு அறிந்திருந்தார். அதனால் கண்ணைக் கவரும் கோடுகளைவிடத் தெளிவையே நாடினார். ஒரு கட்டத்தில் யார் நிற்கிறார், என்ன செய்கிறார், எங்கே பார்க்கிறார் என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் ஒரு நொடியில் விளங்க வேண்டும் என்பதே இவரது வரைமுறை. எளிதாகத் தோன்றும் இந்த ஓவியங்களைப் பின்பற்ற முயன்ற உதவியாளர்கள் பலரும் இதன் கடினத்தை விரைவில் உணர்ந்தனர்.

ஜோவானும் பிர்லுயியும்

1954இல் தொடங்கிய மூன்றாவது கதையில் பிர்லுயி என்னும் குள்ளன் தோன்றினான். வெள்ளாட்டின் மீது ஏறிவரும் இவன் பெருந்தீனிக்காரன், குறும்பன், காது கூசப் பாடுபவன். நேர்மையும் வீரமும் மட்டுமே கொண்டிருந்த ஜோவானின் கதைகளுக்கு நகைச்சுவையைக் கொண்டுவந்தவன் இவனே. தொடரின் பெயரும் ஜோவானும் பிர்லுயியும் என்று மாறியது. பெயோ இத்தொடரையே தம் படைப்புகளுள் மிகவும் நேசித்தார். இத்தொடரில் இவர் வரைந்த நூல்கள் 13. பெல்ஜியச் சித்திரக்கதைகளின் சிறந்த பகுதிகளுள் இவற்றுக்கு இடமுண்டு. ஸ்மர்ஃப்களை மட்டுமே அறிந்தவர்கள் இவற்றைப் படிக்காமல் போவது பேரிழப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஸ்மர்ஃப்களின் தோற்றம்

1950களின் பிற்பகுதியில் பெயோவும் ஃபிரான்கேனும் குடும்பத்தோடு பெல்ஜியக் கடற்கரையில் விடுமுறையைக் கழித்தனர். உணவு வேளையில் உப்புக் கிண்ணத்தைக் கேட்க முனைந்த பெயோவுக்கு அதன் பெயர் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்த ஷ்ட்ரூம்ப் என்னும் பொருளற்ற சொல்லைச் சொல்லிக் கையை நீட்டினார். ஃபிரான்கேனும் அதே சொல்லை வினையாக மாற்றி விடையளித்தார். நண்பர்கள் இருவரும் அந்த விடுமுறை முழுவதும் இம்மொழியிலேயே பேசி மகிழ்ந்தனர்.

அந்த விளையாட்டை பெயோ மறக்கவில்லை. அப்போது ஜோவானும் பிர்லுயியும் தொடரில் ஒரு மந்திரப் புல்லாங்குழலின் கதையை வரைந்துகொண்டிருந்தார். அக்குழலில் ஆறு துளைகள். அதன் இசையைக் கேட்பவர்கள் தம்மை மறந்து ஆடுவர். குழலை ஒரு திருடன் கவர்ந்து சென்றுவிட, அதைச் செய்தவர்களைத் தேடி நாயகர்கள் செல்கின்றனர். அங்கே அவர்கள் காண்பது மூன்று ஆப்பிள்களை அடுக்கிய உயரமே உள்ள குள்ளர்களை. இக்குள்ளர்கள் முதன்முதலாக ஸ்பிரு இதழில் தோன்றிய நாள் அக்டோபர் 23, 1958.

அவர்களுக்கு நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் பெயோவின் மனைவி நீன். கணவரின் படங்களுக்கு வண்ணம் தீட்டும் பணியை அவரே செய்து வந்தார். பச்சை காட்டின் இலைகளோடு கலந்துவிடும், சிவப்பு கண்ணை உறுத்தும், மனிதத் தோலின் நிறம் குள்ளர்களை மனிதராகவே காட்டும். இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழித்தபின் எஞ்சியது நீலம். உலகெங்கும் அடையாளம் காணப்படும் அந்த நிறம் இப்படித்தான் முடிவாயிற்று. நீனின் பெயர் அட்டைகளில் இடம்பெறாததால் இதைப் பலர் அறிவதில்லை.

ஷ்ட்ரூம்ப் என்னும் பெயரை டச்சு மொழியினரால் எளிதில் ஒலிக்க இயலவில்லை. எனவே ஸ்பிருவின் டச்சுப் பதிப்பில் ஸ்மர்ஃப் என்னும் பெயர் உருவாக்கப்பட்டது. ஆங்கிலத்துக்குச் சென்றது இந்த டச்சுப் பெயரே. இத்தாலியர் புஃப்பி என்றும், ஸ்பானியர் பிட்டுஃபோ என்றும், செருமானியர் ஷ்லும்ப் என்றும் அழைக்கின்றனர்.

ஒரு கதையோடு மறைந்திருக்க வேண்டிய துணைப் பாத்திரங்கள் இவர்கள். வாசகர்கள் மீண்டும் கேட்டனர். ஸ்பிருவின் ஆசிரியராக இருந்த இவான் டெல்போர் அப்போது புதிய திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். இதழின் நடுப்பக்கங்களைக் கழற்றி மடித்து வெட்டினால் உள்ளங்கையில் அடங்கும் சிறு புத்தகம் கிடைக்கும். சின்னஞ்சிறு புத்தகத்துக்குச் சின்னஞ்சிறு நாயகர்களே பொருத்தம் என்று டெல்போர் கருதினார். 1959இல் வெளியான கறுப்பு ஸ்மர்ஃப்கள் இவ்வகையில் முதலாவது. ஈ கடித்த ஸ்மர்ஃப் ஒன்று கறுத்து வெறிகொண்டு மற்றவர்களைக் கடிக்க, ஊரே நோயில் வீழும் கதை அது. அதே ஆண்டில் கார்கமெல் என்னும் தீய மந்திரவாதியும் அஸ்ராயேல் என்னும் அவனது பூனையும் அறிமுகமாயினர். இச்சிறு புத்தகங்களின் கதைகளை பெயோ பின்னர் பெரிய அளவில் மீண்டும் வரைந்தார். அக்காலச் சிறுவர் கத்தரிக்கோலால் வெட்டித் தைத்த மூலச் சிறு புத்தகங்களை இன்று சேகரிப்பாளர்கள் அரும்பொருள்களாகத் தேடுகின்றனர்.

கதைகளின் இயல்பு

ஸ்மர்ஃப்களின் ஊரில் பணம் இல்லை, வீடுகள் காளான்கள், ஏறக்குறைய நூறு பேரும் ஒரே தோற்றத்தினர். அவர்களைப் பிரித்தறிய உதவுவது குணம் ஒன்றே. கண்ணாடி அணிந்த அறிவாளி, சோம்பேறி, தற்பெருமைக்காரன், எதையும் வெறுப்பவன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குணம். செந்தொப்பியும் வெண்தாடியும் கொண்ட தாத்தா ஸ்மர்ஃப் மட்டுமே வேறுபட்டவர்.

இவ்வளவு எளிய ஊரை வைத்துக்கொண்டு பெயோவும் டெல்போரும் பெரியவர்களுக்கும் உறைக்கும் கதைகளைச் சொன்னார்கள். 1960களின் நடுவில் வெளிவந்த ஷ்ட்ரூம்பிஸிம் இவற்றுள் புகழ்பெற்றது. தாத்தா வெளியூர் சென்றிருக்கையில் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் நடக்கிறது. ஒருவன் ஒவ்வொருவரிடமும் அவரவர் விரும்பும் வாக்குறுதியைக் கொடுத்து வெற்றி பெறுகிறான். பிறகு பொன்னாடை அணிந்து மன்னனாகிறான். குறும்பு செய்ததற்காக ஒருவன் சிறைக்குப் போகிறான். சிலர் காட்டுக்குள் ஓடிக் கிளர்ச்சி செய்கிறார்கள். ஊர் இரண்டுபட்டுப் போர் மூள்கிறது. திரும்பி வந்த தாத்தா, மனிதர்களைப் போல நடந்துகொண்டதாக அனைவரையும் கடிந்துகொள்கிறார்.

1970களின் தொடக்கத்தில் வெளியான மற்றொரு கதையில் வடக்கு ஸ்மர்ஃப்களும் தெற்கு ஸ்மர்ஃப்களும் ஒரு சொல்லின் எந்தப் பாதியை மாற்றுவது என்று சண்டையிடுகின்றனர். டச்சு பேசுவோருக்கும் பிரெஞ்சு பேசுவோருக்கும் இடையே பெல்ஜியத்தில் நிலவிய மொழிப் பூசலை அறிந்தவர்களுக்கு இதன் உட்பொருள் உடனே விளங்கியது. ஸ்மர்ஃப்களின் மொழி அறிஞர்களின் கவனத்தையும் ஈர்த்தது. ஒரே சொல் எல்லாப் பொருளையும் குறிக்கும்போதும் படிப்பவர் எவ்வாறு புரிந்துகொள்கிறார் என்பது பற்றி இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ ஒரு கட்டுரை எழுதினார்.

1966இல் வந்த ஸ்மர்ஃபெட் என்னும் பெண் பாத்திரம் பாராட்டோடு கண்டனத்தையும் பெற்றது. ஊரில் சண்டை மூட்டுவதற்காகக் கார்கமெல் படைத்த பெண் இவள். கருங்கூந்தலோடு இருக்கும்வரை யாரும் மதிப்பதில்லை. பொன்னிறக் கூந்தல் பெற்றதும் அனைவரும் காதல் கொள்கின்றனர். ஆண்கள் பலருக்கு நடுவே ஒரே ஒரு பெண்ணை வைக்கும் சிறுவர் கதைகளின் போக்கை அமெரிக்க எழுத்தாளர் காத்தா பாலிட் 1991இல் ஸ்மர்ஃபெட் கொள்கை என்று பெயரிட்டு விமரிசித்தார். அப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

படக்கூடமும் உதவியாளர்களும்

1960இல் பெனுவா பிரிஸ்ஃபேர் என்னும் புதிய தொடரை பெயோ தொடங்கினார். லாரியைத் தூக்கி எறியும் வலிமை கொண்ட நல்லொழுக்கச் சிறுவன் இவன். சளி பிடித்தால் மட்டும் வலிமை முழுவதும் போய்விடும். ஒரே நேரத்தில் பல தொடர்களைத் தனியாக வரைவது இயலாமற் போகவே, பெயோ உதவியாளர்களைச் சேர்த்துக்கொண்டார். ஃபிரான்சுவா வால்தேரி, கோஸ், டெரிப், வாஸ்டர்லேன் ஆகியோர் இவரிடம் பணியாற்றிப் பின்னர் தனித்தனியே பெயர் பெற்றனர். வேலையில் பெயோ கண்டிப்பானவர்; திருப்தி வரும்வரை ஒரு கட்டத்தைப் பலமுறை திருத்துபவர்.

ஜோவானும் பிர்லுயியும் தொடரின் 13ஆம் நூல் 1970இல் வந்தது. அதன்பின் பெயோ உயிரோடு இருந்த 22 ஆண்டுகளில் 14ஆம் நூல் வரவேயில்லை.

பொம்மைகளும் திரைப்படமும்

ஸ்மர்ஃப் பொம்மைகள் 1950களின் இறுதியிலேயே வெளிவரத் தொடங்கிவிட்டன. செருமனியின் ஷ்லைக் நிறுவனம் 1965 முதல் உற்பத்தி செய்த சிறிய ரப்பர் பொம்மைகள் ஐரோப்பா முழுவதும் பரவின. 1970களின் இறுதியில் பிரித்தானியாவில் எரிபொருள் நிலையங்களில் இவற்றைச் சேகரிப்பது சிறுவர்களிடையே பெரும் மோகமாயிற்று. 1977இல் நெதர்லாந்துப் பாடகர் பியேர் கார்ட்னர், தந்தை ஆபிரகாம் என்னும் பெயரில் வெளியிட்ட ஸ்மர்ஃப் பாடல் பல நாடுகளில் விற்பனையில் முன்னணி வகித்தது.

பெல்விஷன் நிறுவனம் புல்லாங்குழல் கதையை 1975இல் முழுநீள அசைபடமாக்கியது. இசை மிஷேல் லெகிராண். அசைபடக் கூடத்தில் வேலையைத் தொடங்கியவரான பெயோ இப்படத்தில் மிகுந்த ஈடுபாடு காட்டினார். ஒப்பந்தங்கள், உரிமங்கள், பொம்மை மாதிரிகளைச் சரிபார்த்தல் என்று நாட்கள் கரைந்தன. 1976இல் ஒரு ஸ்மர்ஃப் நூல் வெளிவந்தபின் அடுத்த நூல் வந்தது 1983இல்தான்.

சனிக்கிழமைக் காலை

அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதி முதல் சனிக்கிழமைக் காலை என்பது சிறுவர்களுக்குரிய நேரமாக இருந்தது. சிபிஎஸ், என்பிசி, ஏபிசி ஆகிய மூன்று பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களும் அந்நேரத்தைக் கார்ட்டூன்களால் நிரப்பின. பெற்றோர் உறங்கிக்கொண்டிருக்க, பிள்ளைகள் இரவு உடையோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்து காலை உணவை உண்டனர். வீடியோப் பதிவுக் கருவிகள் பரவாத காலம் அது. தவறவிட்ட கதையைப் பார்க்க வழியில்லை; அடுத்த கதைக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அத்தலைமுறையினரிடம் இன்றும் காணப்படும் ஏக்கத்துக்கு இந்தக் காத்திருப்பு ஒரு முக்கியக் காரணமாகும்.

அந்நேரத்தை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவர் பிரெட் சில்வர்மன். 1960களில் சிபிஎஸ்ஸில் பணியாற்றியவர்; 1978இல் என்பிசியின் தலைவரானார். கொலராடோ மாநிலத்தின் ஆஸ்பென் நகருக்குச் சென்றபோது தம் மகளுக்கு ஒரு ஸ்மர்ஃப் பொம்மையை வாங்கினார். மகள் அதை விடாமல் வைத்துக்கொண்டதைக் கண்டதும் அவருக்குத் தொடர் ஒன்றின் எண்ணம் பிறந்தது. டாம் அண்ட் ஜெர்ரி புகழ் ஹன்னா-பார்பெரா நிறுவனம் தயாரித்த தொடர் செப்டம்பர் 12, 1981இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சில்வர்மன் என்பிசியை விட்டு விலகியிருந்தார்.

தொடர் பெருவெற்றி பெற்றது. ஒரு மணிநேரமாகத் தொடங்கிய ஒளிபரப்பு ஒன்றரை மணிநேரமாக நீட்டப்பட்டது. எம்மி விருதும் கிடைத்தது. பின்னணியில் மேற்கத்திய செவ்வியல் இசை ஒலித்தது. கார்கமெல் வரும்போது கேட்கும் இசை ஷூபர்ட்டின் முற்றுப்பெறாத சிம்பொனி என்பதைப் பல பிள்ளைகள் வளர்ந்த பின்னரே அறிந்தனர். ஜோவானும் பிர்லுயியும்கூட இத்தொடரில் இடம்பெற்றனர். ஆனால் தம் சொந்தக் கதையில் வந்த விருந்தினரைப் போல.

பெயோவும் டெல்போரும் கதை மேற்பார்வையாளர்களாக இருந்தனர். வாரந்தோறும் புதிய கதைகளை விழுங்கும் தொலைக்காட்சியின் வேகம், ஒரு பக்கத்தை நாட்கணக்கில் செதுக்கும் பெயோவுக்குப் பழக்கமற்றது. தம் ஊரின் இயல்பு கெடாமல் காக்கப் போராடினார். சிலவற்றில் வென்றார், சிலவற்றில் விட்டுக்கொடுத்தார். தோல் நிறம் பற்றிய தவறான பொருள் வரக்கூடும் என்பதால் கறுப்பு ஸ்மர்ஃப்கள் அமெரிக்கத் தொடரில் ஊதா நிறம் பெற்றனர். ஷ்ட்ரூம்பிஸிம் போன்ற கதைகளின் கூர்மையும் தொலைக்காட்சிக்கு வந்தபோது மழுங்கியது என்பது நூல்களைப் படித்தவர்களின் கருத்து. மறுபுறம், அத்தொடர் இல்லையேல் பிரெஞ்சு அறியாத கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு பெயோ என்று ஒருவர் இருந்ததே தெரிந்திருக்காது. ஒன்பது பருவங்கள் நீடித்த தொடர் டிசம்பர் 2, 1989இல் முடிவடைந்தது.

இறுதிக் காலம்

பெயோவின் உடல்நலம் நெடுங்காலமாகவே சீராக இல்லை. இதய நோயும் இருந்தது. வணிகப் பணிகளின் சுமையைக் குறைக்க மகள் வெரோனிக் 1984இல் ஐஎம்பிஎஸ் என்னும் உரிம நிறுவனத்தைத் தொடங்கினார். மகன் தியெரி கதைப் பணியில் துணை நின்றார். 1980களின் இறுதியில் பெயோ டுப்புயி பதிப்பகத்தை விட்டு விலகித் தம் சொந்தப் பதிப்பகத்தை நடத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. 1992இல் லொம்பார் பதிப்பகத்துக்கு மாறினார்.

அங்கே அவ்வாண்டு வெளிவந்த நிதியாளர் ஸ்மர்ஃப் இவரது கடைசி நூலாக அமைந்தது. மனிதர்களிடம் பணத்தைக் கண்ட ஸ்மர்ஃப் ஒருவன் அதைத் தன் ஊரில் புழக்கத்துக்குக் கொண்டுவருகிறான். அதுவரை கேட்காமல் உதவி வந்தவர்கள் கூலி கேட்கின்றனர், சிலர் செல்வந்தராகின்றனர், சிலர் கடனாளியாகின்றனர். முடிவில் ஊரார் நாணயங்களை உருக்கிவிட்டுப் பழைய வாழ்வுக்குத் திரும்புகின்றனர். பொம்மைகளாலும் உரிமங்களாலும் பெருஞ்செல்வம் கண்ட ஒருவரின் கடைசிக் கதை இது என்பது குறிப்பிடத்தக்கது. நூல் வெளிவந்த சில வாரங்களில், டிசம்பர் 24, 1992இல், மாரடைப்பால் பிரசெல்ஸில் பெயோ காலமானார். அப்போது வயது 64.

அதே 1992ஆம் ஆண்டில் என்பிசி சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களைக் கைவிட்டுச் செய்தி நிகழ்ச்சிக்கும் பதின்வயதினர் தொடர்களுக்கும் மாறியது. கேபிள் தொலைக்காட்சியில் நாள் முழுவதும் கார்ட்டூன் கிடைக்கத் தொடங்கியிருந்தது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. செப்டம்பர் 2014இல் சிடபிள்யூ அலைவரிசை தன் கார்ட்டூன் தொகுப்பை நிறுத்தியதோடு அமெரிக்கப் பொது ஒளிபரப்பில் அம்மரபு முடிவுக்கு வந்தது.

மறைவுக்குப் பின்

ஸ்மர்ஃப் நூல்களை தியெரி குலிஃபோரும் பெயோவின் படக்கூட ஓவியர்களும் தொடர்ந்தனர். ஜோவானும் பிர்லுயியும் தொடரின் 14ஆம் நூலும் 1994இல் வேறு கலைஞர்களின் கையால் வந்தது. 2011இல் ஹாலிவுட் திரைப்படம் வெளியானபோது, அதன் விளம்பரத்துக்காக ஸ்பெயின் நாட்டின் உஸ்கார் என்னும் சிற்றூரில் வீடுகள் அனைத்துக்கும் நீலம் பூசப்பட்டது. படத்துக்குப் பின் மீண்டும் வெள்ளையடித்துத் தருவதாக இருந்த ஏற்பாட்டை ஊரார் வேண்டாமென மறுத்துவிட்டனர். பெயோவின் பிறந்த நாளான ஜூன் 25 அவ்வாண்டு உலக ஸ்மர்ஃப் நாளாகக் கொண்டாடப்பட்டது. நீன் 2016இல் காலமானார்.

சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் 2010களில் ஸ்மர்ஃப் கதைகள் சிலவற்றைத் தமிழில் வெளியிட்டது.